சந்தைக்குப் போகும் மாடு எந்த வண்டியில் போகிறது?

ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் ஒரு பக்கம், காங்கேயம் காளைகளும் பர்கூர் மாடுகளும் இன்னொரு பக்கம். திப்பு சுல்தான் காலத்திலிருந்தே இங்கே குதிரை வியாபாரம் நடக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். வாங்க வருபவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். துண்டுக்குள் விரல் பிடித்து அரை மணி நேரம் விலை பேசுவார்கள். எல்லாம் முடிந்து, வாங்கிய உருப்படியை வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி பிடிக்கும்போது மட்டும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எவ்வளவுப்பா கேக்குற?"

யார் குறைவாகக் கேட்கிறாரோ அவர் வண்டியில் மாடு ஏறுகிறது. அது பெரும்பாலும் நம் ஊரில் குட்டியானை என்று அழைக்கப்படும் சின்ன வண்டியாக இருக்கும். காலையில் தக்காளி இறக்கிய தளம், கழுவாத ஈரம், இடுப்புயரத் தடுப்பு, கொம்பைச் சேர்த்துக் கட்டிய கயிறு. அறுபதாயிரம், எழுபதாயிரம் கொடுத்து வாங்கிய கறவை மாட்டை இப்படி நூறு கிலோமீட்டர் கொண்டுபோகிறோம். வாடகையில் ஐந்நூறு ரூபாய் மிச்சம். வீட்டுக்கு வந்த மாடு இரண்டு நாள் தீவனம் எடுக்கவில்லை, விற்றவர் சொன்ன பால் கறக்கவில்லை என்றால் விற்றவரைத் திட்டுகிறோம். வண்டியை யாரும் நினைப்பதில்லை.

கால்நடையை ஏற்றிச் செல்லக் கட்டுப்படியாகும் வண்டி எது என்பது இன்று சிறு விவசாயி, ஆட்டுப் பட்டி வைத்திருப்பவர், ரேக்ளா காளை வளர்ப்பவர், குதிரை வைத்திருப்பவர் என அனைவருக்கும் உள்ள கேள்வி. விலைப் பட்டியலையும் இழுவைத் திறனையும் மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

சிமென்ட் மூட்டை ஏற்றினால், வைத்த இடத்தில் கிடக்கும். மாடு நிற்கும் பாரம். அதன் எடை தரையில் இல்லை, நான்கு கால்களுக்கு மேலே மூன்று, நான்கு அடி உயரத்தில் இருக்கிறது. வண்டி இடது பக்கம் வளைந்தால் மாடு வலது பக்கம் சாய்கிறது. பிரேக் பிடித்தால் நானூறு கிலோ முன்னால் வந்து கேபினில் மோதுகிறது. மிரண்டால் பின்னால் இழுக்கிறது. குதிரையின் தலையும் கழுத்தும் இன்னும் உயரம். அது ஓட்டத்தில் தன்னைச் சமன்படுத்திக்கொள்ளத் தலையை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு டன் ஏற்றலாம் என்று கம்பெனி சொல்லும் வண்டியில் ஒரு டன் எடையுள்ள மாடுகளை ஏற்றினால், ஒரு டன் சிமென்ட் ஏற்றிய வண்டி போல அது ஓடாது. குறுகலான, உயரமான, குட்டைச் சக்கர வண்டியாக இருந்தால் வளைவில் அதன் நிலை என்ன என்பதை பர்கூர் மலைப்பாதையிலோ கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளிலோ ஓட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எனவே முதல் வேலை, வண்டி பார்ப்பதற்கு முன் மாட்டின் எடையைத் தெரிந்துகொள்வது. எடை மேடை வேண்டாம்; ஒரு அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள்பட்டையின் முன்முனையிலிருந்து புட்டத்தின் பின்முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் மாட்டின் எடை ஏறக்குறையக் கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 66 அங்குலம், நீளம் 58 அங்குலம் என்றால் 383 கிலோ. குதிரைக்கு 660க்குப் பதில் 727ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 68, நீளம் 62 என்றால் 394 கிலோ. பத்து, இருபது கிலோ முன்னே பின்னே இருக்கும். வண்டி தேர்வு செய்ய இந்தக் கணக்கு தாராளம்.

அடுத்தது, வண்டியின் ஆர்.சி. புத்தகம். அதில் வெற்று வண்டியின் எடையும், பாரத்தோடு இருக்கக்கூடிய மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றக்கூடியது. இந்த வித்தியாசம் முழுவதும் மாட்டுக்கு அல்ல. ஓட்டுநர், கூட வருபவர் எடை இதில் சேர்த்தி. பட்டறையில் கட்டிய இரும்புக் கூண்டு, பலகை, ரப்பர் பாய் என்று நூறு முதல் இருநூறு கிலோ வரை போய்விடும். ஏற்றுதிறன் 750 கிலோ உள்ள டாடா ஏஸ் வகை வண்டியில் இதையெல்லாம் கழித்தால் ஐந்நூறு கிலோ மிஞ்சுவதே பெரிது. அதாவது ஒரு கலப்பின மாடு. இரண்டு ஏற்றினால் பாரம் மீறிவிட்டது. மாடு நிற்க இடம் இருக்கிறதே என்று தோன்றலாம். நிற்க இடம் இருப்பதும், வண்டி நிற்க பிரேக் இருப்பதும் ஒன்றல்ல.

இடத்துக்கும் கணக்கு இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2015ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டு, 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 125-ஈ விதி, கால்நடை ஏற்றும் வண்டியில் ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனித் தடுப்பு வேண்டும் என்கிறது. மாடு, எருமைக்குக் குறைந்தது 2 சதுர மீட்டர். குதிரைக்கு 2.25. ஆட்டுக்கு 0.3. பன்றிக்கு 0.6. நம் கணக்கில் மாட்டுக்கு இருபத்தொன்றரை சதுர அடி, குதிரைக்கு இருபத்து நான்கு, ஆட்டுக்கு மூன்றே கால்.

இதை வண்டித் தளத்தோடு பொருத்திப் பாருங்கள். ஏழடிக்கு ஐந்தடி தளமுள்ள குட்டியானை மொத்தம் முப்பத்தைந்து சதுர அடி. மாடு ஒன்று, ஆடு என்றால் பத்து. ஒன்பதடிக்கு ஐந்தரை அடிக்குச் சற்று மேல் தளமுள்ள பொலேரோ பிக்கப் போன்ற வண்டியில் ஐம்பது சதுர அடி சொச்சம். மாடு இரண்டு, அல்லது நெருக்கிப் பிடித்தால் குதிரை இரண்டு, அல்லது ஆடு பதினைந்து. பத்தடிக்கு ஆறடி தளமுள்ள வண்டியிலும் கணக்குப்படி மாடு இரண்டுதான்; மூன்றாவது மாட்டுக்கு நாலரை சதுர அடி குறைகிறது. சந்தை நாளில் சாலையில் நாம் பார்ப்பது இதற்கு எவ்வளவு தூரம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். பதினைந்து ஆடு ஏற்ற வேண்டிய வண்டியில் நாற்பது ஏறுகிறது. கீழே விழுந்த ஆட்டின் மேல் மற்ற ஆடுகள் நிற்கின்றன. இறக்கும்போது ஒன்று, இரண்டு மூச்சடைத்துக் கிடக்கின்றன. அந்த இழப்பை வியாபாரி விலையில் கழித்துக்கொள்கிறார். கடைசியில் அது விவசாயியின் தலையில்தான் விழுகிறது.

சிறு வண்டி வாங்க நினைப்பவருக்கு எங்கள் யோசனை இதுதான்: மாடு, குதிரை ஏற்றும் எண்ணம் இருந்தால் ஒன்றே கால் டன்னுக்குக் குறைந்த ஏற்றுதிறன் உள்ள வண்டியைப் பார்க்க வேண்டாம். தோஸ்த், பொலேரோ பிக்கப் போன்ற வகைகளில் பழைய வண்டி, புது குட்டியானையின் விலைக்கே கிடைக்கும். ஆடு மட்டும் என்றால் குட்டியானை போதும், பத்தோடு நிறுத்திக்கொள்ளும் மனம் இருந்தால்.

பழைய வண்டி வாங்குவோர் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கால்நடை ஏற்றுபவர் அதைவிட மற்ற மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, பின் சக்கர ஸ்பிரிங் பட்டை. முன்பு ஓட்டியவர் கூடுதல் பட்டை போட்டிருந்தால் அந்த வண்டி அளவுக்கு மீறிப் பாரம் இழுத்தது என்று அர்த்தம். பட்டை சேர்த்தால் வண்டி தாழாது என்பது உண்மை. ஆனால் பிரேக்கோ டயரோ ஆக்ஸிலோ அதனால் பலம் பெறவில்லை. ஒரே ஒரு மாடு ஏற்றும்போது கெட்டியான ஸ்பிரிங் வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடும். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி வாங்குவது மாட்டின் குளம்பும் முழங்காலும். இரண்டாவது, தளத்தின் அடிப்பக்கம். மூத்திரமும் சாணமும் இரும்பை அரிப்பது போல எதுவும் அரிக்காது. மேலே பெயின்ட் பளபளக்கும்; கீழே குனிந்து சுத்தியலால் தட்டினால் உண்மை தெரியும். ஐந்நூறு கிலோ காளை ஒரு காலை ஊன்றும்போது அந்த எடையில் பாதிகூட ஒரே குளம்பில் இறங்கலாம். அரித்த தகடு உள்வாங்கினால் கால் போச்சு. மூன்றாவது பிரேக். சரிவில் பாரத்தோடு ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

வாங்கிய பின் செய்ய வேண்டிய வேலை அதிகம் இல்லை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் மாட்டு வண்டிக்கு ஏற்றபடி கட்டித் தருவார்கள். உள்ளூர் வெல்டிங் பட்டறையிலும் முடியும். பக்கத் தடுப்பு மாட்டின் முதுகுக்கு மேலே வர வேண்டும், குதிரைக்கு இன்னும் உயரம். உள்பக்கம் கூரான முனை, நீட்டிய போல்ட் எதுவும் இருக்கக் கூடாது. மாட்டின் விலா படும் உயரத்தில் பழைய டயரை வெட்டி மெத்தை போலப் பொருத்தலாம். தளத்தில் ரப்பர் பாய் அல்லது தேங்காய் நார்ப் பாய், அதன்மேல் கொஞ்சம் மணல், வைக்கோல். வெறும் இரும்புத் தகட்டில் சாணம் பட்டால் அது சறுக்குமரம். சறுக்கி ஒருமுறை விழுந்த மாடு அடுத்த முறை வண்டி ஏறாது. நான்கு பேர் வாலை முறுக்கி ஏற்றுகிறோமே, அந்த மாடுகளில் பலவற்றின் கதை இதுதான். பாடியில் மாற்றம் செய்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எப்.சி. காட்டும்போதும் விபத்துக் காப்பீடு கேட்கும்போதும் சிக்கல்.

1978ஆம் ஆண்டின் கால்நடைப் போக்குவரத்து விதிகளும் பெரும்பாலும் இதையேதான் சொல்கின்றன. தரை வழுக்கக் கூடாது. மாடுகள் இன்ஜின் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். ஒரு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது. கூட ஒரு ஆள் வேண்டும். கால்நடை மருத்துவர் கொடுத்த தகுதிச் சான்று வேண்டும். குதிரை என்றால் இரண்டு குதிரைகளுக்கு நடுவில் குறைந்தது 8 செ.மீ. குறுக்களவுள்ள மூங்கில் கழி, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாதபடி தலை இடது பக்கம். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. சேலம் – கோவை நான்கு வழிச் சாலையில் 35இல் போனால் பின்னால் வரும் லாரிக்காரர் ஹார்ன் அடித்தே குதிரையை மிரள வைத்துவிடுவார் என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்த விதி எழுதியவர்களுக்குக் குதிரை தெரிந்திருக்கிறது.

இனி டிரெய்லர். வீட்டில் டிராக்டர் இருக்கிறது, டிரெய்லர் இருக்கிறது, எதற்கு வேறு வண்டி என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பக்கத்து ஊருக்கு, ஐந்தாறு கிலோமீட்டர், மண் சாலை, பகல் நேரம் என்றால் டிராக்டர் டிரெய்லரில் மாடு ஏற்றுவதில் பெரிய தவறு இல்லை. நெடுஞ்சாலையில் ஏறினால் கதை வேறு. நம் டிராக்டர் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றில் பிரேக்கே கிடையாது. டிராக்டர் நின்றால் டிரெய்லர் தள்ளும். கொக்கியில் ஆணிக்குப் பதில் கம்பி செருகியிருக்கும். பின்னால் சிவப்பு ஒளிர்பட்டை இருக்காது. தளம் உயரம். நெல் மூட்டைக்கு அது போதும்.

குதிரை வளர்க்கும் சிலர், வெளிநாட்டுப் படங்களில் பார்ப்பதுபோல ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் குதிரை டிரெய்லர் செய்துகொள்ள விரும்புகிறார்கள். ஆசையைக் குறை சொல்லவில்லை. தாழ்வான தளம், பின்பக்கம் சாய்தளமாகத் திறக்கும் கதவு, நடுவில் தடுப்பு என்று குதிரைக்காகவே செய்யப்பட்ட வண்டி அது. குதிரை இறங்கியதும் ஜீப்பைக் கழற்றிக்கொண்டு வேறு வேலைக்குப் போகலாம். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அதற்கு என்ன கணக்குப் போடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டு குதிரை ஏற்றும் டிரெய்லர் வெறுமனே தொள்ளாயிரம் கிலோ முதல் ஒரு டன் வரை இருக்கும். நம் மார்வாரிக் குதிரைகள் இரண்டைச் சேர்த்தால் ஒன்றே முக்கால் டன் பக்கம் வந்துவிடும். இழுக்கும் ஜீப்பின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான், அல்லது அதைவிடக் குறைவு. பிரிட்டனில் புதிதாக டிரெய்லர் இழுப்பவர்களுக்குச் சொல்லும் பொதுவான ஆலோசனை, பின்னால் வருவது இழுக்கும் வண்டியின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. அங்கும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் இரண்டு டன்னைத் தாண்டினால், கொக்கி அறுந்தாலும் தானாகவே பிடித்து நிற்கும் பிரேக் வேண்டும். டிரெய்லரின் முன்மூக்கு கொக்கியின் மேல் எவ்வளவு எடையை அழுத்த வேண்டும் என்பதற்கும் அளவு இருக்கிறது. மூக்கு லேசானால் ஓட்டத்தில் டிரெய்லர் பாம்புபோல நெளிய ஆரம்பித்து ஜீப்பையும் இழுத்துக்கொண்டு போகும். இழுக்கும் வண்டி எத்தனை டன் இழுக்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதித் தருகிறார். நம் ஊரில் ஜீப்பின் பம்பரில் கொக்கியை வெல்டிங் வைத்து, பிரேக் இல்லாத டிரெய்லரை மாட்டி, உள்ளே மூன்று லட்ச ரூபாய்க் குதிரையை நிறுத்திப் புறப்படுவது, அந்தப் படத்தின் வெளித்தோற்றத்தை மட்டும் கடன் வாங்குவது. தனி பிரேக்கும் முறையான பதிவும் உள்ள டிரெய்லர் செய்ய முடியாதவர்களுக்கு ஒன்றரை டன் பிக்கப் வண்டியே செலவிலும் பாதுகாப்பிலும் மேல். சந்தைத் திடலில் பின்னோக்கி எடுக்கவும் அதுதான் எளிது!

இத்தனைக்கும் பிறகு கேட்க வேண்டிய கேள்வி: சொந்த வண்டி வாங்கத்தான் வேண்டுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் இரண்டு நடை சந்தைக்குப் போகிறவர், நடைக்கு 2,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 48,000 ரூபாய் செலவழிப்பார். ஐந்து லட்ச ரூபாய் கடன் வாங்கி, 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை 10,871 ரூபாய். ஆண்டுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம். டீசல், காப்பீடு, எப்.சி., டயர் எல்லாம் தனி. ஆண்டுக்கு எழுபது, எண்பது நடையாவது ஓடாத விவசாயிக்குச் சொந்த வண்டி நட்டம். மற்ற நாட்களில் காய்கறி, உரம் ஏற்றி வாடகைக்கு ஓட்டிச் சரிக்கட்டலாம் என்றுதான் எல்லோரும் வாங்குகிறார்கள்.

இங்கேதான் சட்டம் சிறு விவசாயியின் காலைத் தட்டிவிடுகிறது. 125-ஈ விதி கேட்கும் தடுப்பு நிரந்தரத் தடுப்பு. அப்படிப்பட்ட வண்டியில் வேறு சரக்கு ஏற்றவும் கூடாது. இருபது மாடு ஏற்றும் பெரிய லாரி வைத்து மாநிலம் விட்டு மாநிலம் வியாபாரம் செய்பவருக்கு இது பொருந்தும். வாரத்தில் ஒருநாள் தன் மாட்டையும் மற்ற நாட்களில் தன் தக்காளியையும் ஏற்றும் ஒற்றை வண்டிக்காரருக்கு இது எப்படிப் பொருந்தும்? பொருந்தாததால் அவர் விதியையே விட்டுவிடுகிறார். தடுப்பும் இல்லை, பாயும் இல்லை, இட அளவும் இல்லை. வழியில் நிறுத்தினால் எப்படியாவது சமாளிப்போம் என்று இரவில் புறப்படுகிறார். கால்நடையின் நலத்துக்காக எழுதிய விதி, கால்நடையை இருட்டிலும் அவசரத்திலும் பயணிக்க வைக்கிறது. உம்பளச்சேரி போன்ற சிறிய உடல்வாகுள்ள நாட்டு மாட்டுக்கும், அறுநூறு கிலோ எச்.எப். மாட்டுக்கும் ஒரே இரண்டு சதுர மீட்டர் என்பதும் யோசிக்க வேண்டியது.

இட அளவைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒன்றரை டன்னுக்குக் குறைவான வண்டியில் தன் சொந்தக் கால்நடையை ஏற்றும் விவசாயிக்கு, கழற்றி மாட்டக்கூடிய தடுப்புக் கூண்டை அனுமதிக்க வேண்டும் என்கிறோம். கூண்டு எப்படி இருக்க வேண்டும், எத்தனை போல்ட்டில் பொருந்த வேண்டும், எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்ற மாதிரி வடிவத்தை வேளாண் பொறியியல் துறையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து வரைந்து தரலாம். அந்த வரைபடம் கையில் இருந்தால் எந்த ஊர் வெல்டிங் பட்டறையும் செய்து கொடுக்கும். கூண்டு மாட்டினால் கால்நடை வண்டி, கழற்றிக் கழுவினால் காய்கறி வண்டி. விதியை மாற்றும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. மாதிரியைச் செய்து காட்டி, மாற்றும்படி எழுத மாநில அரசுக்கு எந்தத் தடையும் இல்லை.

அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியதும் உண்டு. வேளாண் பொறியியல் துறை டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மானியத்தில் கருவிகள் வாங்கி வாடகை மையம் நடத்துகின்றன. அந்தப் பட்டியலில் உழவு முதல் அறுவடை வரை இருக்கிறது. கால்நடை ஏற்றும் வண்டி இல்லை. ஒரு ஒன்றியத்துக்கு ஒன்று, சட்டப்படி தடுப்பும் சாய்தளமும் கொண்ட வண்டி வாடகை மையத்தில் இருந்தால், பால் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் முந்நூறு, நானூறு பேரின் கறவை மாடு, கிடேரி, ஆடு எல்லாவற்றுக்கும் அது ஓயாமல் ஓடும். தனியாக வாங்கினால் நட்டம் தரும் அதே வண்டி பொதுவில் வாங்கினால் லாபம் தரும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் மருத்துவரே ஊர் தேடி வரும் ஏற்பாடு இருக்கிறது. மாட்டை முறையாகக் கொண்டுபோகும் ஏற்பாடும் அதன் பக்கத்தில் வைக்கப்பட வேண்டியதுதான்.

இன்னொன்று, இதைவிடச் சின்னது. வாரச் சந்தைகளை உள்ளாட்சி அமைப்புகள் ஆண்டுதோறும் ஏலம் விடுகின்றன. உள்ளே வரும் ஒவ்வொரு மாட்டுக்கும் ஆட்டுக்கும் சுங்கம் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் மாடு ஏற்றி இறக்க ஒரு மேடு கட்டிய சந்தைகள் எத்தனை? சிறு சரக்கு வண்டியின் தளம் தரையிலிருந்து இரண்டரை அடிக்குக் குறையாத உயரம். அங்கிருந்து மாடு குதிக்கிறது. சினை மாடும் குதிக்கிறது. கால் சுளுக்குவதும் கொம்பு முறிவதும் ஓட்டத்தைவிட இந்த இறக்கத்தில்தான் அதிகம். கருங்கல் அடுக்கி, மண் கொட்டி, வண்டித் தளத்தின் உயரத்துக்கு ஒரு சரிவு மேடை. ஆட்டு வண்டிக்கு ஒன்று, பெரிய லாரி உயரத்துக்கு ஒன்று. சொரசொரப்பான தரை, இரண்டு பக்கமும் குழாய்த் தடுப்பு. இவ்வளவுதான் செலவு. அடுத்த ஏல அறிவிப்பில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க ஊராட்சி மன்றத் தீர்மானம் ஒன்று போதும். சந்தைக்குப் போகும் விவசாயிகள் கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும்.

அதுவரை ஊரில் கிடைக்கும் மேட்டைப் பயன்படுத்துங்கள். வண்டியைப் பின்னோக்கி எடுத்து வரப்பு மேட்டிலோ, வாய்க்கால் கரையிலோ சேர்த்து நிறுத்தினால் மாடு நடந்தே ஏறும், நடந்தே இறங்கும். புறப்படும் முன் தண்ணீர் காட்டுங்கள், வயிறு முட்டத் தீவனம் வேண்டாம். தார்ப்பாயைத் தலைக்கு மேல் மட்டும் கட்டிப் பக்கங்களில் காற்று விடுங்கள். வெயில் காலத்தில் விடியற்காலையிலோ, சாயங்காலத்துக்குப் பிறகோ புறப்படுங்கள். முதல் பத்து கிலோமீட்டர் தாண்டியதும் ஒருமுறை நிறுத்தி, கயிறு இறுகியிருக்கிறதா, மாடு நின்றுகொண்டிருக்கிறதா என்று பின்னால் போய்ப் பாருங்கள். ஓட்டுநர் அவசரப்படுத்துவார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாருங்கள்.